மூளை ரத்தக்குழாய் வீக்கத்தை முப்பரிமாண சி.டி. ஆஞ்சியோகிராமில் கண்டறிதல்: படிப்படியான முழு வழிகாட்டி

சேலத்து ஸ்கேன் மையங்களில் புதிதாகச் சேரும் டெக்னீஷியன்களையும், கதிரியல் படிப்பின் முதல் ஆண்டில் இருக்கும் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வந்த வாரமே அவர்கள் கற்றுக்கொள்ள விரும்புவது, திரையில் சிவப்பு நிறத்தில் சுழலும் முப்பரிமாணப் படத்தைத் தயாரிக்கும் முறையைத்தான். அந்தப் படமோ இந்த வேலையில் ஏறக்குறையக் கடைசிப் படி. வீக்கம் கண்ணில் படுமா, தவறிப்போகுமா என்பது எந்தக் கையில் ஊசி போட்டோம், எந்த விநாடியில் ஸ்கேனைத் தொடங்கினோம், எவ்வளவு மெல்லிய துண்டுகளாகப் படத்தைப் பிரித்தோம் என்பவற்றிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஆகவே படிகளின் வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. தலைவலி தொடங்கிய நேரத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

ரத்தக்குழாய் வீக்கம், அதாவது அனியூரிசம், தமனியின் சுவர் பலவீனமான இடத்தில், பெரும்பாலும் கிளை பிரியும் முனையில், குமிழ்போல் வெளியே தள்ளி நிற்பது. அது வெடித்தால் மூளையைச் சுற்றியுள்ள இடைவெளியில் ரத்தம் கசிந்து, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் தலைவலி வரும். “தறியில் உட்கார்ந்திருந்தேனுங்க, பின்மண்டையில யாரோ ஓங்கி அடிச்ச மாதிரி இருந்துச்சு” என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்கியத்தை அப்படியே கோரிக்கைத் தாளில் எழுதிவிடுங்கள்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய்களை வெண்மையாகக் காட்ட ஊசியில் செலுத்தும் அயோடின் மருந்து) இல்லாத சாதாரண சி.டி. முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டால் கசிந்த ரத்தத்தை ஏறக்குறையத் தவறாமல் காட்டும். நாள்கள் கடக்கக் கடக்க ரத்தம் கரைந்து நிறம் மங்குவதால், ஒரு வாரம் கழித்து வருபவரின் சி.டி. தெளிவாக இருப்பதை வைத்துக் கசிவே இல்லை என்று சொல்ல முடியாது. அப்போது முதுகுத் தண்டுநீர்ப் பரிசோதனை தேவைப்படும். அதில் மஞ்சள் நிறம் தெரிய, தலைவலி தொடங்கி ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

சேர்வராயன் மலையிலிருந்து வருபவர்களிடம் இன்னொரு கேள்வியும் அவசியம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நோயாளி வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தால், வளைவில் வந்ததால் வாந்தி, பனியில் நின்றதால் தலைவலி என்று உடன் வந்தவர்களே காரணம் சொல்லிவிடுவார்கள். புதியவர்களும் அதை நம்பி வரிசையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். “வண்டியில் ஏறுவதற்கு முன்பே தலைவலி இருந்ததா? வாந்தி எப்போது தொடங்கியது?” என்று கேளுங்கள். முன்பே இருந்தது என்றால் அவர் அடுத்த நோயாளி, வரிசையின் கடைசி ஆள் அல்லர்.

2. சாதாரண சி.டி.யை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்

அவசரத்தில் நேராகக் கான்ட்ராஸ்ட் ஸ்கேனுக்குப் போய்விடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கான்ட்ராஸ்ட் கலந்துவிட்டால் புதிய ரத்தத்தின் வெண்மையையும் குழாயின் வெண்மையையும் பிரித்தறிவது கடினம். மேலும், ரத்தம் எங்கே தேங்கியிருக்கிறது என்பதே குமிழ் எங்கே என்பதற்கு முதல் தடயம். இரு அரைக்கோளங்களுக்கும் இடையிலான பிளவின் முன்பகுதியில் ரத்தம் அதிகமென்றால் முன் இணைப்புத் தமனியையும், பக்கவாட்டுப் பிளவில் அதிகமென்றால் அந்தப் பக்கத்து நடுமூளைத் தமனியையும், மூளையின் நீர் அறைகளில் நான்காவது அறையில் அதிகமென்றால் பின்கீழ்ச் சிறுமூளைத் தமனியையும் சந்தேகிக்க வேண்டும்.

கடுமையான ரத்தசோகை உள்ளவருக்குக் கசிந்த ரத்தமும் வெண்மை குறைந்தே தெரியும், மூளையின் சாம்பல் நிறத்தோடு கலந்துவிடும். எனவே ஹீமோகுளோபின் அளவு கோரிக்கைத் தாளில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

3. கான்ட்ராஸ்ட் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

முன்பு எப்போதாவது கான்ட்ராஸ்ட் ஊசியால் ஒவ்வாமை ஏற்பட்டதா என்பதே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. அடுத்தது ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம். மீன், இறால் சாப்பிட்டால் அரிப்பு வரும் என்று சொல்பவரை அதற்காகவே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. மற்ற ஒவ்வாமைகளைவிட அதற்குத் தனி ஆபத்து எதுவும் கிடையாது.

ஒவ்வாமை வரலாறு உள்ளவருக்கு, நேரம் இருந்தால், ஸ்கேனுக்கு 13, 7, 1 மணி நேரத்துக்கு முன் ப்ரெட்னிசோலோன் 50 மி.கி. வீதம் மருத்துவர் எழுதிக் கொடுப்பார். எல்லா நேரத்திலும் கை நீட்டினால் எடுக்கும் தூரத்தில் அட்ரினலின் இருக்க வேண்டும். கடுமையான எதிர்வினை என்றால் பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடைத் தசையில். பூட்டிய அலமாரியில் இருக்கும் அட்ரினலின் இல்லாததற்குச் சமம்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பது, முன்பதிவு செய்து வருபவர்களுக்குச் சரியான நடைமுறை. ரத்தக் கசிவோடு வந்தவருக்கு அது பொருந்தாது. வெடித்த குமிழ் மீண்டும் வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம் என்பதால், ரத்த மாதிரியை எடுத்து அனுப்பிவிட்டு ஸ்கேனைத் தொடங்குங்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவரின் சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே இருந்தால், ஸ்கேன் முடிந்து 48 மணி நேரம் மாத்திரையை நிறுத்தி, மறுபடி சோதித்த பிறகே தொடரச் சொல்ல வேண்டும்.

4. நகை, பின், பல்செட்

இது சின்ன வேலைபோல் தோன்றும். நான் பார்த்த கெட்டுப்போன படங்களில் பாதிக்குக் காரணம் இதுதான்.

மூக்கு இருக்கும் மட்டத்தில்தான் படத்தின் பின்பகுதியில் மண்டையோட்டின் அடித்தளமும் சிறுமூளையும் வருகின்றன. மூக்குத்தியிலிருந்து கிளம்பும் வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடி, கழுத்தின் பின்புறமாக மூளைக்கு ஏறும் வெர்டிப்ரல் தமனியின் மேலும், அவை இரண்டும் சேர்ந்து உருவாகும் பேசிலார் தமனியின் தொடக்கத்திலும் விழும். அம்மாபேட்டையிலிருந்து வந்த ஒரு நெசவாளர் அம்மாவுக்குச் சாதாரண சி.டி. எடுத்தபோது அந்தக் கோடுகள் படத்தை இரண்டாகப் பிளந்திருந்தன. “கல்யாணத்துல போட்டதுங்க, திருகு சுத்தவே மாட்டேங்குது” என்றார் அவருடைய மகள். எங்கள் செவிலியர் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, துணியால் பிடித்து, மெதுவாகத் திருகி இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டார். கான்ட்ராஸ்ட் படத்தில் கோடுகள் இல்லை. அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்கப் பழகுங்கள்.

தோடு, ஹேர்பின், பல்செட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பல்லில் உலோகம் அடைத்திருந்தால் முகவாயைச் சற்றுத் தாழ்த்திப் படுக்க வைத்தால், கோடுகள் விழும் மட்டம் மாறும்.

தாலிக்கொடி தலையில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். கான்ட்ராஸ்ட் வரும் நேரத்தைக் கணிக்க நாம் எடுக்கும் படம் மார்பு மட்டத்தில் இருக்கிறது. அங்கே தங்கம் கிடந்தால் அதன் கோடுகள் அளவைத் தாறுமாறாக்கும். கழற்றத் தயங்குபவர்களுக்காக மேசை இழுப்பறையில் மஞ்சள் கயிறு வைத்திருக்கிறோம். அதைக் கட்டிக்கொண்ட பிறகு, கொடியை வீட்டார் கையில் கொடுக்க யாரும் மறுத்ததில்லை.

5. ஊசி: எந்தக் கை, எந்த அளவு

வலது கை, முழங்கை மடிப்பில் உள்ள பெரிய சிரை, 18 கேஜ் பச்சை வென்ஃப்ளான் (சிரைக்குள் பொருத்தும் ஊசிக்குழாய்). அது கிடைக்காவிட்டால் 20 கேஜ் பிங்க். புறங்கையில் போட்ட 22 கேஜ் நீலத்தை வைத்துக்கொண்டு விநாடிக்கு 4 மி.லி. வேகத்தில் செலுத்த முயலாதீர்கள். சிரை கிழிந்து மருந்து தோலுக்கடியில் பரவும்.

வலது கையைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. இடது கையிலிருந்து வரும் சிரை, மார்பெலும்புக்கும் மகாதமனிக்கும் நடுவே குறுக்காகப் போகிறது. வயதானவர்களுக்கு அது அங்கே நெரிபடுவதால் மருந்து தேங்கி, கழுத்துச் சிரைக்குள் பின்னோக்கி ஏறிவிடும். மூளைக்குப் போக வேண்டிய மருந்து குறையும், வேண்டாத இடத்தில் வெண்மை கூடும்.

இன்ஜெக்டரைப் பொருத்துவதற்கு முன், நார்மல் சலைனைக் கையால் வேகமாகச் செலுத்திப் பாருங்கள். மருந்து போகத் தொடங்கிய முதல் சில விநாடிகள் ஊசி இடத்தில் விரலை வைத்திருங்கள். வீங்கினால் உடனே நிறுத்துங்கள்.

6. நோயாளியிடம் சொல்ல வேண்டிய மூன்று செய்திகள்

“உடம்பு முழுக்கச் சூடு பரவும். சிறுநீர் போய்விட்டதுபோல் தோன்றும், போயிருக்காது. தலையை மட்டும் அசைக்காதீர்கள், விழுங்கவும் வேண்டாம்.” இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், சூடு பரவும் அந்த விநாடியில் திடுக்கிட்டுத் தலையைத் தூக்குவார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்.

நினைவு கலங்கித் துடிப்பவரை வலுக்கட்டாயமாக அழுத்திப் பிடிக்காதீர்கள். ரத்த அழுத்தம் ஏறுவது வெடித்த குமிழுக்கு ஆபத்து. வலி நிவாரணியும் வாந்திக்கான ஊசியும் மருத்துவர் கொடுத்த பிறகு, தலைத்தாங்கியில் இருபுறமும் பஞ்சணை வைத்து, நெற்றிப் பட்டையைக் கட்டுங்கள். தேவைப்பட்டால் மயக்க மருத்துவரை அழைக்கத் தயங்க வேண்டாம்.

7. ஸ்கேன் எல்லை

இரண்டாம் கழுத்தெலும்பின் கீழ் விளிம்பிலிருந்து உச்சந்தலை வரை எடுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஓரிடத்தில், மண்டையோட்டின் அடித்தளத்திலிருந்து தொடங்குவதை வழக்கமாக வைத்திருந்தோம். நான்காவது அறையில் ரத்தத்தோடு வந்த ஒருவருடைய படத்தில் எதுவும் தென்படவில்லை என்று நான் எழுதினேன். இரண்டு நாள் கழித்து, தொடை வழியாகச் செய்யும் ஆஞ்சியோகிராமில், பின்கீழ்ச் சிறுமூளைத் தமனியின் தொடக்கத்தில் குமிழ் இருந்தது. அவருக்கு அந்தத் தமனி முதல் கழுத்தெலும்பு மட்டத்திலேயே பிரிந்திருந்தது. நாங்கள் எடுத்த எல்லைக்குள் அது வரவே இல்லை. நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனால் குமிழ் மூடப்படாமல் கடந்த அந்த இரண்டு நாள்களை என்னால் மறக்க முடியவில்லை.

மேல் எல்லையிலும் இதே கவனம் தேவை. முன்மூளைத் தமனி, இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தைச் சுற்றி மேலேறும் இடத்திலும் குமிழ் வரும். மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று இணையும் வில்லிஸ் வளையம் கிடைத்துவிட்டதே என்று மேலே நிறுத்திவிட்டால் அது தப்பிவிடும்.

8. நேரக் கணிப்பு: எல்லாம் தங்கியிருக்கும் படி

மூளைத் தமனிகள் நிறைந்து, சிரைகள் இன்னும் நிறையாமல் இருக்கும் இடைவெளி சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிகளில் ஸ்கேன் தொடங்கி முடிய வேண்டும். தாமதமானால், கழுத்தின் முன்புறமாக மூளைக்கு ஏறும் கரோட்டிட் தமனியைச் சுற்றியுள்ள கேவர்னஸ் சிரைக்குழியும் வெண்மையாகி, குமிழை மறைக்கும்; அல்லது இல்லாத குமிழ்போல் தோற்றம் காட்டும். சீக்கிரம் தொடங்கினால் தமனிகளே பாதி காலியாக இருக்கும்.

வழக்கமான அளவு இது: மி.லி.க்கு 350 மி.கி. அயோடின் கொண்ட மருந்து 60 முதல் 70 மி.லி., விநாடிக்கு 4 மி.லி. வேகத்தில், அதைத் தொடர்ந்து அதே வேகத்தில் 40 மி.லி. சலைன். சலைன் எதற்கென்றால், கையிலும் மார்புச் சிரையிலும் தங்கிவிடும் மருந்தை முன்னே தள்ளிவிட. 60 மி.லி. மருந்து 15 விநாடியில் உள்ளே போய்விடும்.

இனி கண்காணிப்புப் படம். மார்பு மட்டத்தில் மகாதமனியின் மீது ஒரு சிறு வட்டத்தை வையுங்கள். வட்டத்துக்குள் வெண்மை 100 முதல் 120 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு (சி.டி.யில் வெண்மையை அளக்கும் அலகு) கூடியதும் இயந்திரம் தானாக மேசையை நகர்த்தி, நான்கைந்து விநாடியில் ஸ்கேனைத் தொடங்கும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வட்டத்தைப் பெரிதாக வரைந்து, அதன் விளிம்பு பக்கத்திலிருக்கும் மேற்பெருஞ்சிரையைத் தொட்டுவிடுகிறது. கையிலிருந்து வரும் அடர்ந்த மருந்து முதலில் அந்தச் சிரையைத்தான் நிரப்பும். வட்டம் ஏமாந்து, தமனியில் ஒரு சொட்டும் வராதபோதே ஸ்கேன் ஓடி முடிந்துவிடும்.

அதனால் இயந்திரத்தை நம்பிவிட்டுத் திரும்பி உட்காராதீர்கள். விநாடிக்கு ஒன்றாக வரும் அந்தச் சிறு படங்களைப் பாருங்கள். முதலில் வலப்புறச் சிரை பளிச்சென்று வெளுக்கும். பிறகு நுரையீரல் தமனி. பிறகு சில விநாடி எதுவும் மாறாததுபோல் இருக்கும். அதன் பின் மகாதமனி சாம்பலிலிருந்து மெல்ல வெண்மைக்கு ஏறும். அதைக் கண்ணால் பார்த்து, வட்டம் வேலை செய்யாவிட்டால் கையாலேயே தொடங்கிவிடுங்கள்.

இதயம் பலவீனமானவர்களுக்கு அந்த அமைதியான இடைவெளி நீளும். அத்தகையவர்களுக்கு 15 மி.லி. மருந்தை மட்டும் முதலில் செலுத்தி, கழுத்துத் தமனிக்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்துகொண்டு முழு ஊசியைக் கொடுப்பது பாதுகாப்பு.

9. மெல்லிய துண்டுகள்

துண்டின் தடிமன் 0.6 மி.மீ. அளவிலும், இரண்டு துண்டுகளுக்கு இடையிலான தூரம் அதில் பாதியளவிலும் இருக்கட்டும். படப்பரப்பை 20 செ.மீ.க்கு ஒடுக்குங்கள். 512 புள்ளிகளாகப் பிரியும்போது ஒரு புள்ளி 0.4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும், அதாவது மூன்று திசையிலும் ஏறக்குறையச் சமமான சிறு கனசதுரங்கள். முப்பரிமாணப் படம் எந்தப் பக்கம் திரும்பினாலும் படிக்கட்டுபோல் உடையாமல் இருக்க இதுவே காரணம்.

இடம் மிச்சமாகும் என்று 5 மி.மீ. துண்டுகளை மட்டும் கணினிக்கு அனுப்புவது பெரும் பிழை. 3 மி.மீ. குமிழ் அதற்குள் கரைந்துவிடும். எலும்புக்கான கூர்மையான வடிப்பானையும் பயன்படுத்த வேண்டாம். படத்தில் இரைச்சல் ஏறி, குழாயின் சுவர் சொரசொரப்பாகத் தெரியும்.

10. தேடல்: மூலப் படங்களில், மாறாத வரிசையில்

இப்போது முப்பரிமாணப் பொத்தானை அழுத்தக் கை துடிக்கும். அழுத்தாதீர்கள். முதலில் மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களைக் கீழிருந்து மேலாக நகர்த்திப் பாருங்கள். முப்பரிமாணப் படம், கணினி சில தகவல்களை வைத்துக்கொண்டு சிலவற்றை எறிந்துவிட்ட பிறகு மிஞ்சியது. மூலப் படத்தில் எதுவும் எறியப்படவில்லை.

நான் பின்பற்றும் வரிசையைச் சொல்கிறேன். வலது கரோட்டிட் தமனி மண்டையோட்டுக்குள் நுழையும் இடம், கண் தமனி பிரியும் இடம், பின் இணைப்புத் தமனியின் தொடக்கம், கரோட்டிட் இரண்டாகும் முனை, அங்கிருந்து நடுமூளைத் தமனி கிளை பிரியும் இடம். பிறகு முன்மூளைத் தமனி, துறையில் ஏ-காம் என்றே சொல்லிப் பழகிய முன் இணைப்புத் தமனி, கார்பஸ் கலோசத்தைச் சுற்றும் பகுதி. அதே வரிசை இடப்பக்கம். கடைசியாக இரு வெர்டிப்ரல் தமனிகள், பின்கீழ்ச் சிறுமூளைத் தமனிகள், பேசிலார், அதன் உச்சி.

குமிழ்கள் அதிகம் இருப்பது ஏ-காம், பின் இணைப்புத் தமனியின் தொடக்கம், நடுமூளைத் தமனி பிரியும் இடம் என்ற மூன்றிலும்தான். ஒரு பக்கக் கண்ணிமை தொங்கி, கண்மணி விரிந்து வந்தவர் என்றால் பின் இணைப்புத் தமனியை இருமுறை பாருங்கள்.

ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்துவதுதான் புதியவர்களின் மிகப் பொதுவான தவறு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குமிழ்கள் இருக்கும். எது வெடித்தது என்று தீர்மானிக்கச் சாதாரண சி.டி.யில் ரத்தம் தேங்கிய இடமும், குமிழின் ஒழுங்கற்ற வடிவமும், அதன்மேல் முளைத்த சிறு மொட்டும் உதவும்.

11. தட்டைப் படங்களும் முப்பரிமாணப் படமும்

சந்தேகப்பட்ட இடத்தை மூன்று தளங்களிலும் வெட்டிப் பாருங்கள். பிறகு 5 முதல் 10 மி.மீ. தடிமன் கொண்ட அடுக்கில், மிக வெண்மையான புள்ளிகளை மட்டும் காட்டும் படத்தை எடுங்கள். நீண்ட குழாயின் போக்கை அது ஒரே பார்வையில் காட்டும். ஆனால் எது முன்னே, எது பின்னே என்று அதில் தெரியாது. எலும்பை ஒட்டிய இடங்களில் எலும்பே எல்லாவற்றையும் மூடிவிடும்.

முன்னும் பின்னும் தெரியத்தான் முப்பரிமாணப் படம். அதில் கீழ் எல்லை என்ற ஓர் அளவு உண்டு. அந்த வெண்மைக்குக் கீழே உள்ள புள்ளிகள் படத்தில் இடம்பெறாது. சிறிய குமிழில் வெண்மை சுற்றுப்புறத்தோடு கலந்து குறைந்துவிடுவதால், எல்லையை உயர்த்தினால் முதலில் காணாமல் போவது அதுதான். பயிற்சிக்கு வருபவர்களிடம் ஒரே படத்தைக் கொடுத்து, எல்லையை 150-இலிருந்து மெதுவாக ஏற்றச் சொல்வேன். 200-இல் குமிழ் சுருங்கும். 250-ஐத் தாண்டும்போது 2.5 மி.மீ. குமிழ் முற்றிலும் மறைந்து, குழாய் வழவழவென்று அழகாகத் தெரியும். அந்த அழகுதான் ஆபத்து. எல்லையை அளவுக்கு மீறிக் குறைத்தாலும் பிழையே: அருகருகே ஓடும் இரண்டு குழாய்கள் ஒட்டிக்கொண்டு ஒரு குமிழைப் போலத் தோன்றும். எந்த ஒரு நிலையான எண்ணையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மூலப் படத்தை அருகில் வைத்து, குழாயின் அகலம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்வரை நகர்த்துங்கள்.

எலும்பைத் தானாக நீக்கும் பொத்தான், மண்டையோட்டின் அடித்தளத்தில் எலும்போடு சேர்த்துக் கரோட்டிட் தமனியின் ஒரு பகுதியையும் தின்றுவிடும். சாதாரண ஸ்கேனைக் கான்ட்ராஸ்ட் ஸ்கேனிலிருந்து கழித்து எலும்பை நீக்கும் முறை அதைவிட நம்பகமானது. இரண்டுக்கும் இடையில் தலை அசைந்திருந்தால் அதுவும் பொய் சொல்லும். எலும்பை நீக்கிய படம் ஒன்று, எலும்போடு கூடிய படம் ஒன்று என இரண்டையும் சேமியுங்கள். அறுவை மருத்துவர் மண்டையோட்டை எந்தப் பக்கம் திறப்பது என்று முடிவு செய்ய இரண்டாவது தேவை.

12. குமிழ்போல் ஏமாற்றுபவை

பின் இணைப்புத் தமனி பிரியும் இடத்தில் புனல் வடிவில் ஒரு விரிவு பலருக்கு இருக்கும். 3 மி.மீ.க்கு உட்பட்டு, புனலின் நுனியிலிருந்தே தமனி கிளம்பினால் அது இயல்பான விரிவு. தமனி பக்கவாட்டிலிருந்து கிளம்பி, நுனி தனியே உருண்டு நின்றால் குமிழ் என்றே கருதுங்கள். பேசிலாரின் தொடக்கத்தில் குழாய் பிரிந்து மறுபடி சேரும் துளையும், வளைந்து மடியும் குழாயும் ஒரு கோணத்தில் குமிழாகத் தோன்றும். படத்தைச் சுழற்றினால் உண்மை வெளிப்படும்.

இதற்கு எதிரான ஏமாற்றமும் உண்டு. உள்ளே ரத்தம் உறைந்த பெரிய குமிழில், மருந்து ஓடும் சிறிய பகுதி மட்டுமே முப்பரிமாணப் படத்தில் வரும். 15 மி.மீ. குமிழ் 5 மி.மீ.யாகத் தெரியும். அதன் முழு உருவத்தை மூலப் படம்தான் காட்டும்.

13. அளவெடுத்தல்

அளவை முப்பரிமாணப் படத்தில் எடுக்காதீர்கள், கீழ் எல்லையை மாற்றினால் அளவும் மாறும். குமிழின் அச்சுக்கு ஏற்பத் திருப்பிய தட்டைப் படத்தில் கழுத்தின் அகலம், குமிழின் உயரம், அதிகபட்ச அகலம் ஆகிய மூன்றையும் எடுங்கள். கழுத்து 4 மி.மீ.க்குக் குறைவாகவும், குமிழின் அகலம் கழுத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமலும் இருந்தால், உள்ளே கம்பிச்சுருள் வைத்து அடைப்பது எளிது. கழுத்து அகன்றிருந்தால் கிளிப் போடுவதா, வேறு வழியா என்று யோசிப்பார்கள்.

குமிழ் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, கழுத்திலிருந்து ஏதேனும் கிளை பிரிகிறதா, சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, எதிர்ப்பக்கத்து முன்மூளைத் தமனி மெலிந்திருக்கிறதா என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள். மருத்துவர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் இவையே.

14. அறிக்கையும் அதன் பிறகும்

வெடித்த குமிழ் தெரிந்தால், தட்டச்சு முடியும்வரை காத்திருக்காமல் சிகிச்சை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, அழைத்த நேரத்தை அறிக்கையில் குறியுங்கள்.

ரத்தக் கசிவு இருந்தும் குமிழ் தென்படவில்லை என்றால் “இயல்பு” என்ற சொல்லை எழுதாதீர்கள். 3 மி.மீ.க்குக் குறைந்த குமிழைக் காண்பதில் சி.டி.யின் திறன் குறைகிறது. “இந்தப் பரிசோதனையில் குமிழ் தென்படவில்லை, தொடை வழி ஆஞ்சியோகிராம் தேவை” என்று எழுதுங்கள். அதிலும் தெரியாவிட்டால், ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்பது வழக்கம்.

வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோது, வெடிக்காத சிறு குமிழ் தற்செயலாகத் தெரிவதும் உண்டு. நூறு பெரியவர்களில் ஏறக்குறைய மூன்று பேருக்கு அப்படி ஒன்று இருக்கிறது. பலருக்கு அது வெடிப்பதே இல்லை. இதை ஸ்கேன் அறையின் வாசலில் நின்று உறவினரிடம் சொல்லிவிடாதீர்கள். அளவு, இடம், குடும்ப வரலாறு, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாம் பார்த்து, நரம்பியல் அறுவை மருத்துவர் உட்கார வைத்து விளக்க வேண்டிய செய்தி அது.

நோயாளி சேலத்துக்குள்ளேயே வேறு மருத்துவமனைக்கோ, கோவைக்கோ சென்னைக்கோ அனுப்பப்பட்டால், ஃபிலிமில் அச்சிட்ட சிவப்புப் படம் அங்கே பயன்படாது. 0.6 மி.மீ. துண்டுகள் முழுவதையும் குறுந்தகட்டில் பதியுங்கள். 108 ஆம்புலன்ஸ் வாசலில் நின்றாலும், தகட்டை உறவினரிடம் கொடுப்பதற்கு முன் வேறொரு கணினியில் போட்டுத் திறந்து, கழுத்தெலும்பு மட்டத்திலிருந்து உச்சந்தலை வரை துண்டுகள் விடுபடாமல் வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.